தேவப்பிரியம் ஆப்பிரிக்காவில் இருந்த ஏழு வாரம்

என் அத்தான் தேவப்பிரியம் ஏழு வாரம் ஆப்பிரிக்காவில் இருந்து போதகர்களுக்குப் பயிற்சி கொடுத்தார் என்று எங்கள் சபைப் பதிவேட்டில் எழுதியிருக்கிறது. அந்த ஏழு வாரமும் அவர் திருவொற்றியூரில், காலடிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் தன் வீட்டு உள்ளறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தார். பயிற்சி கொடுத்தது மட்டும் நிஜம். இது எப்படி நடந்தது என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கூடவே இருந்தவன் நான். நானே சொல்லிவிடுகிறேன்.

நான் ஜெபசிங். ராயபுரத்தில் கயிறு, வலை, மிதவை மொத்தக்கடை வைத்திருக்கிறேன். தேவப்பிரியத்தின் மனைவி ஞானசெல்வி என் உடன்பிறந்த அக்கா. எங்கள் பூர்வீகம் சாத்தான்குளம் பக்கம். இங்கே வந்து ஐம்பது வருஷமாகியும் வீட்டுக்குள் எங்கள் பேச்சு மாறவில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று அக்கா சொல்வாள். இருக்கட்டும், அதனால் யாரும் செத்துப் போகவில்லை என்று முன்பெல்லாம் பதில் சொல்வேன். இப்போது சொல்வதில்லை.

அத்தான் மணலியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் பாதுகாப்புப் பிரிவில் இருந்தவர். புதிதாகச் சேரும் தொழிலாளிகளுக்கு வகுப்பெடுப்பதுதான் வேலை. தொப்பி ஏன் போட வேண்டும், வாயு கசிந்தால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து எந்தப் பக்கம் ஓட வேண்டும், இதையெல்லாம் இரண்டு மணி நேரம் மூச்சு விடாமல் சொல்வார். ஓய்வு பெற்றபின் பேச ஆள் கிடைக்கவில்லை. தபால் வழியில் வேதாகமப் படிப்பு படித்துப் பட்டம் வாங்கிவிட்டார். சபையில் மாதம் ஒரு ஞாயிறு பிரசங்கம். தெருவில் எல்லாருக்கும் அவர் பாஸ்டரு.

பக்கத்து வீட்டு வேலப்பன் ஒருவருக்கு மட்டும் அவர் தேவா. வேலப்பன் அதே கம்பெனியில் ஃபிட்டர். இருவரும் கம்பெனி லோனில் ஒரே மேஸ்திரியை வைத்து ஒட்டி ஒட்டி வீடு கட்டினார்கள். நடுச்சுவர் ஒன்றுதான், செங்கல் மிச்சம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனியில் விபத்து ஒத்திகை நடக்கும். அடிபட்டவனாக ஒருத்தன் தரையில் படுக்க வேண்டும். வேறு எவன் படுத்தாலும் சிரித்துவிடுவான். வேலப்பன் மட்டும் கல் மாதிரி கிடப்பார். இருபத்திரண்டு வருஷம் அவர் விழுந்து கிடந்தார், அத்தான் ஓடிப்போய்த் தூக்கினார். சொக்கம்மாள், அதாவது வேலப்பன் சம்சாரம், "வூட்டுலயும் அப்டியேதான் கெடக்குது, தூக்கத்தான் ஆளில்ல" என்பாள்.

தான்சானியாவில் ஏரிக்கரை ஊர் ஒன்றில் முப்பது கிராமப் போதகர்கள். அவர்களுக்கு மூன்று மாதம் பயிற்சி கொடுக்க ஆள் வேண்டுமென்று மாத்தூரில் ஒரு மிஷன் அலுவலகம் கேட்டபோது, எங்கள் சபை ஒரே குரலாக அத்தான் பெயரைச் சொன்னது. அழைப்பா, அவருடைய மாதாந்தரப் பிரசங்கத்திலிருந்து தப்பிக்கும் வழியா என்று கேட்காதீர்கள். கர்த்தர் எந்த வழியிலும் கிரியை செய்வார்.

ஆயத்தம் ஆரம்பித்தது. ஆயத்தம் என்றால் எங்கள் சபையில் முதலில் ஜெபம், அப்புறம் உபவாசம், அப்புறம் ஊறுகாய். அக்கா பத்து பாட்டில் போட்டாள். எம்.சி. ரோட்டில் துணி எடுத்து அத்தானுக்கு சூட்டு தைத்தோம். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டதில் கை வீங்கியது. அதை அவர் ஒரு வாரம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஊழியத்தின் தழும்பு போலக் காட்டித் திரிந்தார். பெட்டியை என் கடைத் தராசில் வைத்து வைத்து நிறுத்தோம். ஊறுகாயை எடுத்தால் வேதாகமங்கள் போகும், வேதாகமங்களை வைத்தால் ஊறுகாய் நிற்கும். அக்கா வேதாகமங்களைத்தான் வெளியே எடுத்து வைத்தாள்.

பெரிய கஷ்டம் மொழிபெயர்ப்பு. இவர் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்த வேண்டும், அங்கே ஒருவர் அவர்கள் பாஷையில் சொல்வார். அத்தானுக்கு நிறுத்தத்தான் தெரியாது. ஆகவே சாயங்காலம் வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வேலப்பனை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைத்துப் பழகினார். பழக்கத்துக்கு மட்டும் தமிழில்.

"மேய்ப்பன் ஆடுகளோடு புறப்பட்டுப் போகிறான்" என்பார் அத்தான்.

"ஆட்டுக்காரன் ஆட்ட ஓட்டிகினு கெளம்பிட்டான்" என்பார் வேலப்பன்.

"நூறு ஆடுகளில் ஒன்று காணாமற்போயிற்று."

"நூறுல ஒண்ணு எஸ்கேப்பு."

"அவன் தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போகிறான்."

"இன்னா தேவா இது, மிச்சத்த எவன் பாத்துப்பான்? பேஜாரு புடிச்ச ஆளா கீறானே உங்காளு!"

தெருவே சிரிக்கும். அத்தானும் சிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். வேலப்பனுக்கு அப்போதே இருமல் இருந்தது. சிரித்தால் அது கூடும். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி முதல் ஞாயிறு வழியனுப்பு ஆராதனை. மூன்று மணி நேரம். பதினேழு சால்வை. தெருமுனையில் நாலு ஃப்ளெக்ஸ் வைத்தேன், என் செலவில். அத்தான் சூட்டுப் போட்டு நிற்கிறார், தலைக்கு மேல் ஏரோப்ளேன், காலுக்குக் கீழே சிங்கம். சிங்கம் என் யோசனை. பெண்கள் ஐக்கியத் தலைவி ஃப்ளோரன்ஸ் அக்கா அவர் தலையில் கை வைத்து ஜெபித்துக் கதறினாள். எங்கள் சபையில் ஒருவரை வழியனுப்பிவிட்டால் அனுப்பியதுதான். முன்னே ஒரு சகோதரர் நாகாலாந்துக்கு அப்படிப் போய், குளிர் தாங்காமல் பத்து நாளில் திரும்பி வந்தார். அவர் செத்தபோது சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகூட ஒருத்தன் "பத்து நாள் மிஷனரி" என்றான். அத்தான் அதைக் காதால் கேட்டவர்.

சனிக்கிழமை விமான நிலையத்துக்கு இரண்டு வேனில் போனோம். தெருவே நின்று கையசைத்தது. வேலப்பன் வேன் ஜன்னலில் கையை விட்டு அத்தானின் டையை இழுத்து, "சிங்கத்தாண்ட பாத்து நடந்துக்க தேவா" என்றார். தான்சானியா அரசாங்கத்தின் அனுமதிக் கடிதம் மட்டும் இன்னும் வரவில்லை. டிராவல்ஸ் வைத்திருக்கும் சுடலைராஜ், "நீங்க போய்ட்டே இருங்கண்ணாச்சி, கவுன்ட்டர்ல நிக்கும்போது ஈமெயில்ல வந்துடும்" என்றான். கவுன்ட்டரில் நின்றோம். வரவில்லை. விமானம் போய்விட்டது. வெளியே சபையார் பாட்டுப் பாடி முடித்துவிட்டு வேனில் திரும்பிப் போயிருந்தார்கள். நானும் அக்காவும் அத்தானும் பெட்டியும்தான்.

வீட்டுக்குப் போக அவருக்குக் கால் வரவில்லை. இரண்டு நாள் என் வீட்டில் கிடந்தார். "ஒரு வாரத்தில் கிடைச்சிடும்" என்று சுடலைராஜ் சத்தியம் செய்தான். ஒரு வாரம்தானே! திங்கட்கிழமை மத்தியானம், தெரு சாப்பிட்டுவிட்டு அசந்திருக்கும் நேரம் பார்த்து, பின்சந்து வழியாக அவரை வீட்டுக்குள் சேர்த்தேன். மறுநாள் காலை சொக்கம்மாள், "பாஸ்டரு நல்லபடியா போய் சேந்துச்சாக்கா?" என்று கேட்டிருக்கிறாள். பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் அக்கா, வாழ்நாளில் ஓய்வுநாள் பள்ளி ஒன்றுகூடத் தவறவிடாதவள், "சேந்துட்டாவ" என்று சொல்லிவிட்டாள். முழுப் பூசணிக்காய் அன்றைக்குச் சோற்றுக்குள் போனது.

ஒரு வாரம் இரண்டானது. இன்னொரு தாள் கேட்டார்கள், அனுப்பினோம். அந்தத் தாளுக்கு ஒரு தாள் கேட்டார்கள். அங்கே முப்பது போதகர்களும் தூரத்துக் கிராமங்களிலிருந்து நடந்து வந்து காத்திருந்தார்கள். ஆகவே மாத்தூர் அலுவலகம் வகுப்பைப் போனிலேயே ஆரம்பிக்கச் சொல்லிவிட்டது. சபைக்குச் சொன்னீர்களா என்று அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. தினமும் பகல் பதினொன்றரைக்கு, அவர்களுக்குக் காலை ஒன்பது, அத்தான் மேலே கோட்டும் டையும் கீழே கைலியுமாக உள்ளறைக் கட்டிலில் உட்கார்ந்து மெல்லிய குரலில் பாடம் நடத்தினார். அந்தப் போதகர்களுக்கு அவர் திருவொற்றியூரில் இருப்பது தெரியும். திருவொற்றியூருக்கு மட்டும்தான் அவர் ஆப்பிரிக்காவில் இருந்தார்.

சபைக்கு வாராவாரம் கடிதம் வேண்டும் என்றார் எங்கள் சபையின் பாஸ்டர். அத்தானுக்கு எழுத்தில் பொய் சொல்ல வராது. கண்ணால் கண்டதை மட்டும் எழுதினார். "இங்கே வெயில் அதிகம். தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது. கொசு தாங்க முடியவில்லை. காற்று திரும்பினால் ஒரு கெட்ட வாடை. கனரக வாகனங்களின் புழுதியில் ஜனங்கள் இருமுகிறார்கள்." அக்கா ஞாயிற்றுக்கிழமை அதை வாசித்தபோது சபை அழுதது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தவர்கள், அந்த ஏழை தேசத்துக்காகக் கொசுவலை சேகரித்தார்கள். நாற்பது வலை. என் கடை மாடியில் கிடக்கிறது.

நான் சிரித்தேன். பொய் சொல்வானேன், முதல் மூன்று வாரம் எனக்கு இது நல்ல தமாஷாக இருந்தது.

நாலாவது வாரம் வேலப்பன் விழுந்தார். நுரையீரலில் என்னவோ முற்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் வைத்திருந்துவிட்டு, "வீட்டில் வைத்துப் பாருங்கள், மனசுக்குப் பிடித்தவர்களை வரச் சொல்லுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அவர் மகன் பகலவன் ஆட்டோ ஓட்டுகிறான். அவன்தான் தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்தான். நடுச்சுவருக்கு அந்தப்பக்கம் வேலப்பன் கட்டில், இந்தப்பக்கம் அத்தான் கட்டில். ஆக்ஸிஜன் மெஷினின் சத்தம் அத்தானின் தலையணைக்குள் கேட்டது.

நான் போனபோது அத்தான் சுவரோடு காதை வைத்து உட்கார்ந்திருந்தார். "மாப்ள, அவனுக்கு மூச்சு வாங்குது கேளு. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துருதேன்."

"போனா என்ன சொல்லுவிய? ஆப்பிரிக்காவுல இருந்து இப்பம்தான் செவுத்துல ஏறிக் குதிச்சேன்னா?"

"உள்ளத உள்ளபடி சொல்லிட்டுப் போறேன்."

"சொல்லுங்க. நல்லாச் சொல்லுங்க. ஏழு வாரமா அக்கா சபையில நின்னு வாசிச்ச கடுதாசிக்கு யாரு பதில் சொல்லுவா? அவ மூஞ்சிய எங்க கொண்டு வைப்பா?"

அக்கா அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அத்தான் அவள் முகத்தைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்துவிட்டார். பதினொன்றரை ஆனது. போன் அடித்தது. அன்றைய பாடம் என்ன தெரியுமா? நோயாளிகளைச் சந்தித்தல். அச்சடித்த பாடத்திட்டத்தில் அன்றைக்கு அதுதான் இருந்தது, யார் என்ன செய்ய முடியும்? ஒரு கிழட்டுப் போதகர் அங்கிருந்து கேட்டார், ஆற்றைக் கடந்து ஒரு நாள் நடந்தால்தான் நோயாளியின் வீடு வரும், போகத்தான் வேண்டுமா, போனில் ஜெபித்தால் போதாதா என்று. லைன் போய்விட்டதோ என்று அவர்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். "போகத்தான் வேண்டும்" என்றார் அத்தான். அவருக்குக் குரல் உடைந்திருந்தது. அவர்கள் அதை ஆவியின் அபிஷேகம் என்று நினைத்து அல்லேலூயா சொன்னார்கள்.

அன்று மாலை நாலு மணிக்கு சொக்கம்மாள் வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, ஒரு போன் போட்டுக் குடுக்கா. தேவா தேவான்னுகினே கீது. அவரு கொரல ஒருவாட்டி கேட்டா நெஞ்சு ஆறும்."

அக்கா போனை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். நான் உள்ளறைக்குள் அத்தானோடு. கதவைச் சாத்தினோம், ஃபேனை நிறுத்தினோம். மணி அடித்தது. சுவருக்கு அந்தப்பக்கம் பேசியது போனிலும் கேட்டது, சுவரிலும் கேட்டது.

"தேவா... நல்லாக்கீறியா?"

"நல்லா இருக்கேன் வேலு. நீ எப்படி இருக்க?"

"கீறேன். அங்க மணி இன்னா?"

அத்தான் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். "ஒண்ணரை."

"துன்னுட்டியா?"

"சாப்ட்டேன் வேலு."

அப்போது பார்த்துத் தெருவில் பழைய சாமான் வண்டி நுழைந்தது. ஒலிபெருக்கி வைத்த மூன்று சக்கர வண்டி. "பழைய பேப்பர், பழைய இரும்பு, உடைஞ்ச பிளாஸ்டிக் சேர், ஓடாத டீவி, ஓடாத மிக்ஸி எடுக்கிறோம்!" என்று எங்கள் ஜன்னலுக்குக் கீழேயே நின்று அலறியது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அத்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது.

வேலப்பன் பக்கம் மெஷின் மட்டும் ஓடியது. "அங்கயும் நம்மாளுங்கதான் ஓடாத மிக்ஸி எடுக்குறாங்களா தேவா?" என்றார்.

"தமிழாளு எங்கதான் இல்ல வேலு."

"ஆமா. எல்லா எடத்துலயும் கீறாங்க." இருமல் வந்து அடங்கியது. "சீக்கிரம் வா தேவா. முடிஞ்சா நாளிக்கே வா."

போனை வைத்ததும் அத்தான் எழுந்து கோட்டைக் கழற்றி எறிந்தார். வாசலை நோக்கி நடந்தார். தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டார். அங்கிருந்து வேலப்பன் வீட்டு வாசலுக்குப் பத்து எட்டு. நான் குறுக்கே நின்றேன். ஆமாம், நான்தான் நின்றேன், வேறு யாருமில்லை.

"அத்தான், ஒரே ஒரு நாள் பொறுங்க. முறையா வரவச்சிருதேன். காய்ச்சல்னு சொல்லிப் பாதியில வந்ததா இருக்கட்டும். நாளைக்குக் காலையில பின்சந்து வழியா வெளிய போவோம், ஏர்போர்ட்டு வரைக்கும் போயிட்டு டாக்ஸியில பெட்டியோட முன்வாசல்ல வந்து எறங்குவோம். நேரா வேலப்பன் வீட்டுக்குள்ள போயிருங்க. உங்களுக்கும் மானம் தங்கும், அக்காவுக்கும் தங்கும்."

அவர் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டே நின்றார். "நாளைக்கு அவன் இருப்பானா மாப்ள?"

"இருப்பாரு. கேட்டியள்லா, மிக்ஸியப் பத்திக் கிண்டல் பண்ணுதாரு. இருப்பாரு."

கையை எடுத்துவிட்டார்.

அடுத்த தப்பும் என்னுடையதுதான். திடீரென்று அவர் வந்து இறங்கினால் சபையில் கேள்வி வருமே என்று ஃப்ளோரன்ஸ் அக்காவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். அத்தானுக்குக் காய்ச்சல், நாளைக்கு வருகிறார், யாரிடமும் சொல்ல வேண்டாம், ஜெபத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். எங்கள் சபையில் இருபது வருஷம் இருந்தும் எனக்குப் புத்தி வரவில்லை. ஜெபத்தில் வைத்துக்கொள்வது என்றால் வாட்ஸாப் குழுவில் ஜெபக்குறிப்பாகப் போடுவது. அவள் ரகசியத்தை மீறவே இல்லை. முந்நூற்று இருபது பேரை ஜெபிக்கச் சொன்னாள், அவ்வளவுதான்.

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். டாக்ஸிக்காரன் ஏர்போர்ட்டு வாசலில் எங்களை இறக்கப் பார்த்தான். இறங்க வேண்டாம், திருப்பு என்றேன். அவன் எங்களைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. பாலத்துக்குப் பாலம் நின்று நின்று வந்தோம். அத்தான் மடியில் கோட்டை வைத்துக்கொண்டு வழி முழுக்க, "முதல்ல என்ன சொல்லணும் மாப்ள? அவன்கிட்ட முதல்ல உள்ளதச் சொல்லிருதேன். அவன்கிட்ட மட்டும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சொல்லுங்கள் என்றேன். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தார். பத்தே முக்காலுக்குத் தெருமுனை திரும்பினோம்.

தெருமுனையில் பேண்டு வாத்தியம்.

எங்கள் பாஸ்டர், ஃப்ளோரன்ஸ் அக்கா, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள், அறுபது எழுபது பேர். "வருக வருக" என்று புது ஃப்ளெக்ஸ். வழியனுப்பத் தெரிந்த சபைக்கு வரவேற்கத் தெரியாதா? டாக்ஸிக் கதவைத் திறந்து அத்தானை இழுத்து இறக்கினார்கள். மாலை, சால்வை, அதன் மேல் இன்னொரு சால்வை. "முதல்ல அங்க போயிட்டு வந்துருதேன், வேலப்பனுக்கு உடம்பு..." என்று அவர் சொன்னது பேண்டில் யாருக்கும் கேட்கவில்லை. நான் கத்தினேன். எனக்கு ஒரு சால்வை போட்டார்கள்.

"முதலாவது ஸ்தோத்திரம்" என்றார் பாஸ்டர். பேண்டு நின்றது. எல்லாரும் தலை குனிந்தார்கள். அத்தானும் குனிந்தார். முப்பது வருஷப் பழக்கம், ஜெபம் என்றதும் கழுத்து தானாக மடங்கிவிடும். கடலைக் கடக்கப் பண்ணினீரே, சிங்கத்தின் வாயைக் கட்டினீரே, காய்ச்சலின் படுக்கையிலிருந்து தூக்கினீரே என்று பாஸ்டர் வரிசையாக நன்றி சொன்னார். அவர் முடித்ததும் ஃப்ளோரன்ஸ் அக்கா எடுத்தாள். அவள் ஆப்பிரிக்கா முழுவதற்கும் ஜெபித்தாள், ஒவ்வொரு நாடாக.

நான் பாதியில் கண்ணைத் திறந்தேன். கூட்டத்துக்கு வெளியே, லாரி டயர் கடை ஓரமாகப் பகலவன் நின்றிருந்தான். காலில் செருப்பில்லை. காக்கிச் சட்டைப் பட்டன் போடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு, எங்களோடு சேர்ந்து ஜெபிப்பவன் போல் நின்றான். மரியாதை தெரிந்த பையன் என்று நினைத்துக்கொண்டு நான் மறுபடி கண்ணை மூடினேன். அடப்பாவி ஜெபசிங்!

ஆமென் சொன்னதும் அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"பாஸ்டரு, அப்பா கூப்டுது. மூச்சு இழுத்துகினு கீது. உன்ன இட்டாரச் சொல்லிச்சி."

"எப்பம்டா சொன்னான்?"

"பேண்டு நின்னுச்சே, அப்பவே ஓடியாந்துட்டேன். நீங்கல்லாம் கண்ண மூடி சாமி கும்புட்டுகினு இருந்தீங்க. குறுக்க பூந்துடக்கூடாதுன்னு நின்னேன்."

அத்தான் ஓடினார். அறுபத்திரண்டு வயசில், சால்வைகள் தடுக்கத் தடுக்க ஓடினார். நான் பின்னால். வேலப்பன் வீட்டு வாசலை அடைவதற்குள் உள்ளே மெஷினை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சத்தம் இல்லாததே எங்களுக்குச் சொல்லிவிட்டது.

கட்டிலில் வேலப்பன் கிடந்தார். அத்தான் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தார். "வேலு, நான் எங்கயும் போகலடா. இங்கதான்டா இருந்தேன். பக்கத்து ரூம்புலதான்டா இருந்தேன்" என்று வாய்விட்டுக் கதறினார். வாசலில் சபை வந்து நின்று கேட்டது. யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

சொக்கம்மாள் அழவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து புருஷனின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடிச்சுப் போட்டபின்தான் நிமிர்ந்தாள்.

"அதுக்குத் தெரியும்" என்றாள். "ஆஸ்பத்திரிலர்ந்து வந்த அன்னிக்கே தெரியும். நீ பாடம் எடுக்கறத செவுத்துல காத வெச்சிகினு கேட்டுகினே இருந்துச்சி. எனக்குத் தெரியாது. எங்கிட்ட சொல்லல, நேத்து போன வெச்சப்புறந்தான் சொல்லிச்சி. நான் வந்து உன் கதவ ஒடச்சி இஸ்துகினு வரேன்னேன். வேணாம்னுச்சி. வெக்கப்படுவான், அவனா வரட்டும்னுச்சி. காத்தால நீ பின்சந்துல போனியே, அந்தச் சத்தமும் கேட்டுச்சி. 'கெளம்பிட்டான், இப்ப வந்துருவான்'னு மூஞ்சி தொடச்சிவுடச் சொல்லிச்சி."

அத்தான் அவள் காலைத் தொடப் போனார். அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அது பெரிய மனுசன், உன்ன வுட்டுக்குடுக்காம பூட்டுது. நான் அந்த மாதிரி கெடையாது. ஊருல இல்லாதவன்தான நீ? இல்லாதவனாவே இரு. வெளிய போ பாஸ்டரு."

யாரும் அவளைத் தடுக்கவில்லை. என்ன சொல்லித் தடுப்பது? அத்தான் எழுந்து வெளியே வந்தார். அவர் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அக்கா நின்றாள். "உள்ள வாங்க" என்று நானும் கையைப் பிடித்தேன். என் கையை மெதுவாக எடுத்து விட்டுவிட்டு, இரண்டு வாசலுக்கும் நடுவில், தெருவில், எல்லாரும் பார்க்க உட்கார்ந்தார். சாயங்காலம் வேலப்பனைத் தூக்கும்வரை அவர் எந்த வீட்டுக்குள்ளும் வரவில்லை.